மசலாவும் படைப்போரும்

நெடுங்கதை ஒன்றின் நாயகன் நடுவழியில் மாண்டுபோனால், அதன் பின்னும் அக்கதையைத் தொடர்ந்து சொல்லலாமா? 'வைக்கிங்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரைக் கண்டோர் இவ்வினாவில் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். இரு சாராரின் வாதங்களையும் நிறுத்துப் பார்த்து, நமக்குப் பட்டதை இங்கே உரைக்க விழைகிறோம்.

2013 மார்ச்சில் ஹிஸ்டரி தொலைக்காட்சியில் தொடங்கி, 2020 டிசம்பரில் நிறைவெய்திய இத்தொடர் ஆறு பருவங்களும் 89 பகுதிகளும் கொண்டது. அனைத்தையும் எழுதியவர் மைக்கேல் ஹர்ஸ்ட் ஒருவரே. ஸ்காண்டிநேவிய உழவனான ராக்னர் லோத்புரோக், மேற்கே நிலம் உண்டா என்றறியும் வேட்கையால் கடல் கடக்கிறான். 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையிட்டு, ஏதெல்ஸ்டன் என்னும் கிறிஸ்தவத் துறவியை அடிமையாகக் கொண்டுவருகிறான். அடிமை நண்பனாகிறான். மன்னனாக உயர்ந்து வீழ்ந்த ராக்னர், நான்காம் பருவத்தில், கணக்குப்படி 44ஆம் பகுதியில், பாம்புக் குழியில் மடிகிறான். எஞ்சிய 45 பகுதிகளும் பெரிதும் அவன் மைந்தர்களின் கதையே.

ராக்னரோடு தொடரும் மாண்டது என்பது ஒரு சாரார் கூற்று. ராக்னராக நடித்த டிராவிஸ் ஃபிம்மெல் பேச்சினும் பார்வையால் மிகுதி உணர்த்தியவர். அவ்விடத்தை நிரப்ப ஒருவருமில்லை. பின்னர் வந்தவை போர், வஞ்சம், மறுபடியும் போர் என்கின்றனர். மகன் ஐவார் தன்னையே தெய்வமென்று பிரகடனம் செய்யுமளவுக்குக் கதை நிலைதவறியதையும் சுட்டுகின்றனர்.

மறுசாராரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தலைப்பே பன்மையில் அமைந்தது. அது ஒருவனின் சரிதை அன்று என்பர். ராக்னரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அவன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூற்றாண்டுகள் பிந்திய கதைகளே. அவன் மைந்தர்களாகச் சொல்லப்படுவோரோ வரலாற்றுக்கு அண்மையில் நிற்பவர்கள். 865இல் இங்கிலாந்தில் இறங்கிய பெரும்படையும், மறு ஆண்டு யார்க் நகரம் வீழ்ந்ததும் மெய்யான நிகழ்ச்சிகள். ஆகவே தந்தையின் மரணம் கதைக்கு முடிவன்று, வாயில் என்பது அவர்கள் துணிபு.

இரு சாராரும் ஆளைப் பார்க்கின்றனர். நாம் வினாவைப் பார்க்கிறோம். நம் முன்னோர் தமிழில் வளர்த்த இலக்கிய வகைகளில் மசலா ஒன்று, படைப்போர் மற்றொன்று. முன்னது கேள்வியும் மறுமொழியுமாய்ச் செல்வது. பின்னது போர்க்களம் பாடுவது. இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்புண்டு. 'வைக்கிங்ஸ்' ஒரு மசலாவாகத் தொடங்கியது. "உன் இறைவன் யார்? என் தெய்வங்கள் மெய்யா? மாண்டபின் என்ன?" என்று ராக்னரும் ஏதெல்ஸ்டனும் ஒருவரையொருவர் வினவியதே அதன் உயிர்நாடி. ஏதெல்ஸ்டன் மூன்றாம் பருவத்திலேயே கொல்லப்பட்டான். எனினும் சாவதற்குச் சற்று முன்பு ராக்னரும் எக்பர்ட் மன்னனும் அமர்ந்து நிகழ்த்தும் உரையாடலில் அவ்வினா மீண்டும் சுடர்விட்டது. பிறகுதான் தொடர் படிப்படியாகப் படைப்போராக மாறியது.

முதற் பருவத்தில் ஒரு தலைவனின் சடலத்தைக் கப்பலோடு எரிக்கும் காட்சி உண்டு. அது, ஹிஜ்ரி 309இல் பக்தாதிலிருந்து கலீஃபாவின் தூதுக்குழுவோடு புறப்பட்ட இப்னு ஃபள்லான், வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் மக்களிடையே கண்டெழுதிய ஈமச்சடங்கை நினைவூட்டும். அவர் அம்மக்களின் தூய்மையின்மையைக் கண்டு அருவருத்தார். அவர்தம் உடலழகைப் பேரீச்ச மரத்துக்கு ஒப்பிட்டு வியந்தும் எழுதினார். அயலானை அறிய விரும்புவோனின் எழுத்து அத்தகையது. தொடரின் முற்பாதியிலும் அவ்விருப்பம் இருந்தது.

நம் கூற்றை இரு காட்சிகளால் சோதிக்கலாம். இரண்டும் ராக்னர் இறந்தபின் வருபவை. இரண்டும் முஸ்லிம் நாடுகளில் நிகழ்பவை.

முதலாவது, அந்தலூஸின் அல்ஜசீராஸ் துறைமுகம். கொள்ளையிட வந்த ஃப்ளோக்கி பள்ளிவாசலுள் நுழைகிறான். தொழுவோர் தொழுகையைவிட்டு அசையவில்லை. அவன் திகைத்து நிற்கிறான். கொல்ல வந்த தன் கூட்டாளிகளைத் தடுக்கிறான். ஏதெல்ஸ்டனை அவன் வேண்டுதலில் இருக்கையிலேயே வெட்டிக் கொன்றவன் இவனே என்பதை நினைத்துப் பார்க்குங்கால் இக்காட்சியின் கனம் விளங்கும். பழைய வினா, அதை வெறுத்தவன் நெஞ்சிலேயே முளைத்துவிட்டது. ராக்னர் இல்லாமலும் தொடர் வாழ்ந்திருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது, ஐந்தாம் பருவத்துக் கைரவான் விருந்து. அமீர் ஜியாதத்துல்லாஹ் அளிக்கும் விருந்தில் பரிமாறப்பட்டது, சிசிலித் தலைவன் யூபீமியஸின் உடலே என்று காட்டுகின்றனர். வரலாற்றில் யூபீமியஸ் 828இல் சிசிலியிலேயே கொல்லப்பட்டான். ஜியாதத்துல்லாஹ்வோ 836இல் கைரவானின் பெரிய பள்ளிவாசலைப் புதுக்கிக் கட்டி, 838இல் காலமானவர். தொடரின் கதை நிகழும் காலத்தில் அவர் உயிரோடில்லை. மனித இறைச்சி விருந்து வெறும் கட்டுக்கதை.

நம்மவரை நல்லவராகக் காட்டியதைப் போற்றி, தீயவராகக் காட்டியதைத் தூற்றுகிறோம் என்று எவரும் எண்ணற்க. முதற்காட்சியிலும் வரலாறு வளைக்கப்பட்டுள்ளது. 859இல் வைக்கிங்குகள் அல்ஜசீராஸ் பள்ளிவாசலை எரித்தனர் என்றே அரபு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கதைஞன் வரலாற்றை விட்டு விலகலாம். எதற்காக விலகினான் என்பதே அளவுகோல். அங்கே ஒரு மனிதனின் உள்ளத்தைத் திறப்பதற்காக விலகினான். இங்கே பார்ப்போரைத் திடுக்கிடச் செய்வதற்காக மட்டுமே விலகினான். முன்னதில் அயலான் ஒரு வினா. பின்னதில் அவன் ஒரு பூச்சாண்டி.

எழுதியவர் மாறாதிருக்க எழுத்து மாறியதேன்? முதல் பருவத்தில் ஒன்பதும், அடுத்த இரண்டில் பத்துப் பத்துமாக இருந்த பகுதிகள் 2016இல் தொடங்கிய நான்காம் பருவம் முதல் இருபது ஆயின. ஒருவரே இத்தனை இடத்தையும் நிரப்ப வேண்டுமெனில் கூக்குரலும் குருதியும் கைகொடுப்பது இயல்பே என்று கருதுகிறோம்.

இறுதிப் பகுதிகளில் ராக்னரின் மகன் உப்பே மேற்குத் திசையின் புதுநிலத்தை அடைகிறான். அங்கே முதுமையுற்ற ஃப்ளோக்கியைக் காண்கிறான். இருவரும் கடற்கரையில் அமர்ந்திருக்கக் கதை முடிகிறது. வினா திரும்பி வந்தது; ஆனால் மிகப் பிந்தி வந்தது.

குருதியும் நாணமற்ற காட்சிகளும் மலிந்த இத்தொடர் குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்கதன்று. எனினும் இதைக் கண்டு, ராக்னர் போனபின் சுவை குன்றியது என்று வருந்தும் நம் வீட்டு இளைஞர்களிடம் நாம் கூறுவது இதுவே: உங்கள் வருத்தம் நியாயமானது, காரணத்தைத்தான் வேறிடத்தில் தேடுகிறீர்கள். நாயகன் மாண்டபின்னும் கதை வாழும். கேள்வி மாண்டபின் வாழாது.