நெடுந்தொலைவு துப்பாக்கி சுடுதல்: பழைய விதிகளும் பழைய இலக்குகளும்

துப்பாக்கி சுடுதல் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிதான். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் பிரிவில். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012ஆம் ஆண்டு லண்டனில் வெண்கலம் வென்றதும், புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே பிரிவில்தான். இந்த விளையாட்டின் மூத்த வடிவம் வேறொன்று. 300 மீட்டரில் தொடங்கி 1000 கெசம், அதாவது 914.4 மீட்டர் வரை உள்ள இலக்கைச் சுடும் நெடுந்தொலைவுப் போட்டி அது. அதன் விதிகள் பல பழையவை. அவற்றுள் எவை மாற வேண்டும், எவை இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்கமான வரலாறு

பிரிட்டனில் 1860 முதல் ஆண்டுதோறும் பெரிய சுடுதல் கூட்டம் நடந்து வருகிறது. முதலில் விம்பிள்டனில் நடந்த அது, 1890இல் பிஸ்லிக்கு மாறியது. முன்பு அரசியார் பரிசு எனப்பட்ட, இப்போது அரசர் பரிசு எனப்படும் புகழ்பெற்ற போட்டி அங்கே 300, 500, 600, 900, 1000 கெசங்களில் நடக்கிறது. கோலாப்பூர் அரசர் அளித்த கோப்பைக்காக 1871 முதல் நாடுகளின் அணிகள் அங்கே மோதுகின்றன. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1000 கெசப் போட்டி பிஸ்லியில் இடம்பெற்றது. அதில் வென்ற ஜோஷுவா மில்னர் எடுத்தது நூற்றுக்கு 98. அடுத்து வந்தவர் 93. ஐந்து புள்ளி இடைவெளி! அன்றைய இலக்கு, அன்றைய துப்பாக்கிக்கும் அன்றைய குண்டுக்கும் ஏற்ற அளவுகோலாக இருந்தது.

300 மீட்டர் போட்டி 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து நீங்கியது. காமன்வெல்த் போட்டிகளில் நெடுந்தொலைவுப் பிரிவு நீண்ட காலம் நிலைத்தது. 2010ஆம் ஆண்டு டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது, குர்கான் அருகே காதர்ப்பூரில் உள்ள மத்திய ரிசர்வ் காவல் படைத் திடலில் இப்பிரிவு நடத்தப்பட்டது. இங்கிலாந்தின் பராக் படேல் தங்கம் வென்றார். 2022 பர்மிங்ஹாமில் சுடுதலே இல்லை.

அளவுகோல் எப்போது பழசாகிறது?

ஒரு வகுப்பில் ஐம்பது பேர் தேர்வெழுதி முப்பது பேர் நூற்றுக்கு நூறு வாங்கினால், பிள்ளைகளைப் பாராட்டலாம். ஆனால் முதல் மாணவர் யார் என்பதை அந்த வினாத்தாள் சொல்லாது. இலக்கு அட்டையும் ஒரு வினாத்தாள்தான்.

50 மீட்டர் படுத்துச் சுடும் ஆடவர் போட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1972, 1976, 1980, 1984 ஆகிய நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர்கள் எடுத்தது ஒரே மதிப்பெண்: 600க்கு 599. 1980இல் முதலிடமும் இரண்டாமிடமும் ஒரே புள்ளியில் நின்றன. அளவுகோல் தேய்ந்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. 1988 சியோலில், தசமப் புள்ளியில் கணக்கிடும் இறுதிச்சுற்று ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது. 1989இல் இலக்கு அட்டையும் மாறியது. பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 1992இல் தங்கம் வென்ற கொரியாவின் லீ யூன்சுல் தகுதிச்சுற்றில் எடுத்தது 597. அளவுகோல் மீண்டும் வேலை செய்தது.

அதுவும் நிலைக்கவில்லை. 1996இல் ஜெர்மனியின் கிறிஸ்டியன் கிளீஸ் முழு 600 எடுத்தார். 2012இல் பெலாரஸின் செர்கெய் மார்டினோவும் எடுத்தார். அதே போட்டியில் நம் ஜாய்தீப் கர்மாகர் 699.1 புள்ளியுடன் நான்காம் இடம் பெற்றார், வெண்கலம் 701.0க்குப் போயிற்று. 2013 முதல் தகுதிச்சுற்றிலும் தசமக் கணக்கு வந்தது. இப்போது ஒரு குண்டுக்கு உச்சம் 10.9. பத்து என்பதற்குள்ளேயே நல்ல பத்து எது, தப்பிப் பிழைத்த பத்து எது என்று தெரிகிறது.

நெடுந்தொலைவு இலக்கின் நிலை

நெடுந்தொலைவுப் பிரிவு இவ்வளவு விழிப்பாக இருக்கவில்லை. 300 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். நார்வேயின் ஹரால்ட் ஸ்டென்வாக் 1990இல் மாஸ்கோவில் படுத்துச் சுடும் பிரிவில் முழு 600 எடுத்தார். முழு எண்ணில் கணக்கிடும்வரை அந்தச் சாதனையைச் சமன் செய்யலாமே தவிர, யாராலும் முறியடிக்க முடியாது.

பிஸ்லி முறையில் நடுவட்டத்துக்கு ஐந்து புள்ளி. அதனுள்ளே 'வி' எனப்படும் சிறிய வட்டம் ஒன்று உண்டு. அதைத் தொட்டாலும் ஐந்துதான். சமநிலை வந்தால் மட்டும் 'வி' எண்ணிக்கை பார்க்கப்படும். அமெரிக்க முறையில் பத்துப் புள்ளி வட்டமும் அதனுள் 'எக்ஸ்' வட்டமும் உள்ளன. உண்மையான திறமை வேறுபாடு அந்த உள்வட்டத்தில்தான் தெரிகிறது. அதுவோ அடிக்குறிப்பாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாணவரின் விடையைத் திருத்திவிட்டு, கையெழுத்து அழகை மட்டும் வைத்து முதல் பரிசு கொடுப்பது போன்றது இது என்று சொல்லமாட்டேன். ஆனால் முக்கியமான கேள்விக்கு மதிப்பெண்ணே போடாமல் விட்டதற்கு ஒப்பாகும்.

மாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கனடாவின் ஜார்ஜ் ஃபர்குவார்சன் தொலைநோக்கியும் தாங்கியும் பயன்படுத்தும் ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர் பெயரின் முதலெழுத்தால் அது 'எஃப்' பிரிவு எனப்படுகிறது. கண்பார்வை குறைந்த மூத்தவர்களும் தொடர்ந்து சுட அது வழிசெய்தது. பழைய இலக்கு இவர்களுக்கு மிக எளிதாகிவிட்டது. எனவே அமெரிக்காவில் 1000 கெச இலக்கின் 20 அங்குலப் பத்து வட்டம் இப்பிரிவுக்கு மட்டும் 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கோணத்தில் சொன்னால், ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் பழைய வட்டம் ஏறத்தாழ இரண்டு பங்கு, புதிய வட்டம் ஏறத்தாழ ஒரு பங்கு.

மறுப்பும் விடையும்

மரபை விரும்புவோர் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள். நெடுந்தொலைவில் உண்மையான தேர்வு காற்றைக் கணிப்பதே. வட்டத்தைச் சுருக்கினால் திறமையைவிட அதிர்ஷ்டம் வெல்லும் என்பது அவர்கள் கருத்து. இதில் பாதி உண்மை. 1000 கெசத்தைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். பக்கவாட்டுக் காற்று மணிக்கு ஒரு மைல் வேகம் கூடினாலோ குறைந்தாலோ, குண்டு ஏறத்தாழ ஒரு சாண் விலகிவிடும். பிள்ளைச்சாவடிக் கரையில் நிற்கும் எவருக்கும் கொண்டல் காற்று ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு வாங்கும் என்று தெரியும்.

ஆனால் இந்த வாதம் தசமக் கணக்கைத் தடுக்கவில்லை. வட்டத்தைச் சுருக்காமலே, நடுப்புள்ளியிலிருந்து குண்டு எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதை அளந்து மதிப்பெண் தரலாம். குண்டின் ஒலியலையைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் மின்னணு இலக்குகள் இதைச் செய்ய வல்லவை. குழியில் இருந்தபடி அட்டையை இறக்கி ஏற்றிப் புள்ளி காட்டிய காலத்தில் அது கடினம்; இன்று இல்லை. பழைய சாதனைகளை ஒப்பிட முடியாமல் போகும் என்ற கவலைக்கும் விடை எளிது. 1989இல் செய்ததுபோல் பழைய பட்டியலை மூடிவைத்துப் புதிய பட்டியலைத் தொடங்கலாம்.

கெச அளவை மாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். நம் நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டருக்கு வந்த பிறகும் பூக்கடையில் முழம் வாழ்கிறது, யாருக்கும் நட்டமில்லை. பழையது என்பதாலேயே ஒரு விதி குற்றமுடையதாகிவிடாது. அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்றால்தான் குற்றம்.

இந்தியாவில் மூடிய கதவு

நம் நாட்டில் சிக்கல் இலக்குக்கு வெகுமுன்பே தொடங்குகிறது. பன்னாட்டு நெடுந்தொலைவுப் போட்டியின் முதன்மைப் பிரிவு .308 அல்லது .223 குழலளவுத் துப்பாக்கியைக் கேட்கிறது. .308 என்பது படைகளின் 7.62 மில்லிமீட்டர் குண்டுக்கு இணையானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962இல் வகுத்த விதிகளோ, .303, 7.62 குண்டுகளைச் சுடவல்ல துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்த்தன. நடுவண் அரசின் சிறப்பு அனுமதியின்றி ஒரு குடிமகன் அதை வைத்திருக்க முடியாது. உலகம் போட்டிக்குக் கேட்கும் கருவி, இங்கே தடைப்பட்ட கருவி.

இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. படைக்கலக் கிடங்கிலிருந்து களவுபோகும் குண்டு வெளியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே அது. .303ஐ ராணுவம் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆனாலும், 7.62 இன்றும் படைகளிடம் இருக்கிறது. ஆகவே அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. குறை வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொரு குண்டாகக் கையால் இட்டுச் சுடும் போட்டித் துப்பாக்கியையும், தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியையும் அவ்விதி ஒரே வரியில் வைக்கிறது.

விளைவு என்ன? இந்தப் பிரிவு பெரும்பாலும் சீருடை அணிந்தவர்களுடையதாகிவிட்டது. கோலாப்பூரையே பாருங்கள். 2010இல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் உலகப் பட்டம் வென்ற தேஜஸ்வினி சாவந்தும், 2024 பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேவும் அந்த மண்ணின் பிள்ளைகள். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கோப்பைக்கு 300 கெசத்தில் பயிற்சி எடுக்க விரும்பும் அவ்வூர் மாணவிக்கோ துப்பாக்கியே கைக்கு எட்டாது.

செய்யத்தக்கவை

முதலாவது, போட்டித் துப்பாக்கிக்குச் சட்டத்தில் தனி வகை வேண்டும். அது வீட்டில் இருக்க வேண்டியதில்லை. காவல்துறைத் திடலிலோ, அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் பூட்டிய அறையிலோ இருக்கட்டும். குண்டுகளும் திடலிலேயே எண்ணிக் கொடுக்கப்பட்டு, வெற்றுறைகள் எண்ணித் திரும்பப் பெறப்படட்டும். இரண்டாவது, புதிதாக அமைக்கும் நெடுந்தொலைவுத் திடல்களில் மின்னணு இலக்கே வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, உள்வட்டத்துக்கு உரிய மதிப்பெண்ணைத் தசமக் கணக்கால் தர வேண்டும்.

இம்மூன்றில் முதலாவது நடக்காமல் மற்ற இரண்டால் நமக்குப் பயனில்லை. எழுத உட்காரவே இடமில்லாத பிள்ளைக்கு வினாத்தாளைத் திருத்தி அச்சடித்து என்ன பயன்?