பள்ளிக்கூடத்தை மறைத்த சாட்சி

சாட்சிய இலக்கியம் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் நான் முதலில் எடுத்துக்காட்டி வந்த நூல், குவாத்தமாலாவின் கிச்சே இனப் பெண்ணான றிகோபேர்ட்டா மென்சூவினுடையது. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அட்டை கிழிந்த ஒரு பிரதியாக, பல கைகள் மாறி என்னிடம் வந்தது. இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன். பின்னர் ஓர் இலக்கியச் சந்திப்பில், 'பள்ளிக்கூட வாசலையே மிதியாத ஒரு பெண் உலகை உலுக்கிய கதை' என்று உணர்ச்சி மேலிடப் பேசியும் வைத்தேன். அந்தப் பேச்சுத்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

1982 ஜனவரியில் பாரிஸ் நகரில், வெனிசுவேலா நாட்டு மானிடவியலாளரான எலிசபெத் பேர்கோஸ் ஒலிப்பதிவு செய்த பேச்சே 1983இல் நூலாயிற்று. சொன்னவருக்கு அப்போது 23 வயது. கரையோரத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் குடும்பங்கள், பறிபோகும் காணி, இராணுவம், சித்திரவதை என்று நூல் விரிகிறது. தந்தை விசென்ற்றே 1980 ஜனவரி 31இல் குவாத்தமாலா நகரின் ஸ்பானியத் தூதரகத்தில் மேலும் பலருடன் சேர்ந்து எரிந்து இறந்தார். அதே ஆண்டில் தாயும் கடத்திக் கொல்லப்பட்டார். 1992இல் மகளுக்கு சமாதானத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

1999இல் அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ஸ்டோலின் நூல் வந்தது. அவர் அந்த ஊர்களுக்கே போய் விசாரித்திருந்தார். தம்பி பெத்றோசினியோவை இராணுவம் கொன்றது உண்மை. ஆனால் குடும்பத்தார் பார்த்திருக்க உயிரோடு எரித்ததாக நூல் சொல்வது நடக்கவில்லை என்றார். காணித் தகராறு வெளியார் நிலவுடைமையாளரோடு மட்டும் நடந்ததல்ல, பெரும்பகுதி தாய்வழி உறவினரோடு நடந்தது என்றார். றிகோபேர்ட்டா கன்னியர் நடத்திய பாடசாலையில் படித்தவர் என்பதும் வெளிவந்தது. நோபல் குழு பரிசை மீளப் பெறவில்லை. நான் மட்டும் ஏமாற்றப்பட்டவனாக அந்தப் புத்தகத்தைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில் போட்டேன். சென்ற விடுமுறையில்தான் தூசி தட்டி மீண்டும் எடுத்தேன்.

காணி விடயத்தை முதலில் பார்ப்போம். உறவினரோடு நடந்த வழக்கை நூல் ஒதுக்கிவிட்டது பிழை என்பதே என் கட்சி. ஒழுக்கப் பிழை என்பதைவிட, இலக்கியப் பிழை. 1979ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பின்படி குவாத்தமாலாவின் பண்ணைகளில் ஏறத்தாழ 2.5 வீதமானவை விளைநிலத்தின் 65 வீதத்தை வைத்திருந்தன. ஹாக்கோபோ ஆர்பென்ஸ் 1952இல் கொண்டுவந்த காணிச் சீர்திருத்தம் சுமார் ஒரு லட்சம் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தது. யுனைற்றட் புரூட் கம்பனியின் தரிசு நிலத்திலும் கை வைத்தது. 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் சூழ்ச்சியில் ஆர்பென்ஸ் கவிழ்க்கப்பட்டார். கொடுத்த நிலமும் பிடுங்கப்பட்டது. இந்த நிலையில் எஞ்சிய மலைச்சரிவுக்காக மாமனும் மருமகனும் அடிபடாமல் என்ன செய்வார்கள்? வேலிச் சண்டையில் சொந்தம் அறுந்த ஊர்க்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்டோல் கண்டெடுத்த அந்தக் கசப்பான குடும்ப வழக்கு, வில்லன் நிலவுடைமையாளரைவிட அநீதியை ஆழமாகக் காட்டியிருக்கும். நூல் அதை இழந்தது. ஸ்டோலும் அதன் வேரை வேண்டிய அளவு தோண்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூட விடயம் வேறு. அங்கே தாம் வேலைக்காரியாக இருந்ததாகவும் கன்னியரைக் காப்பாற்றவே அதை மறைத்ததாகவும் மென்சூ பின்னர் சொன்னார். பாதிரிமார் கொலையுண்ட ஒரு நாட்டில் இது வெறும் சாட்டு அல்ல. தனக்குள் இரகசியங்களை வைத்திருப்பதாக நூலிலேயே அவர் பலமுறை எச்சரிக்கிறார். சொல்லாமல் விடுவதை நான் ஏற்பேன். படிக்கவே இல்லை என்று சொன்னதை, ஒரு வாத்தியாராக, என்னால் முற்றாக ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த வரியை நூலில் ஆகக் கூடுதலாக விரும்பியவன் யார்? நான்தானே! படித்த ஏழையின் சாட்சியத்தைச் சந்தேகிப்போம், படியாதவளின் கண்ணீரை உடனே நம்புவோம். தரையைத் துடைத்துக்கொண்டே பாடம் படித்த பெண் என் மேடைப் பேச்சுக்கு உதவியிருக்கமாட்டாள். பேர்கோசும் தம் கேள்விகளையெல்லாம் நீக்கி, பேச்சை அத்தியாயங்களாக அடுக்கி, கேட்பாரின்றித் தானே பொங்கிய குரல் போல ஆக்கிவிட்டார். முதற் பதிப்பில் ஆசிரியராக நின்றது அவருடைய பெயர்தான்.

இவ்வளவையும் கழித்தாலும் மிஞ்சுவது சிறிதல்ல. 1999 பெப்ரவரியில் ஐ.நா. ஆதரவிலான உண்மை அறியும் ஆணைக்குழு, கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றது. அடையாளம் காணப்பட்டோரில் 83 வீதத்தினர் மாயா மக்கள், பதிவான மீறல்களில் 93 வீதம் அரச தரப்பினுடையவை. 'நாம்' கண்டதை 'நான்' கண்டதாகச் சொல்வது கிராமத்துக் கதை மரபில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. 2013இல் முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மொன்ற்றின் வழக்கில் இஷில் பெண்கள் தாம் அனுபவித்ததை மட்டும் சொன்னார்கள். மே 10இல் இனப்படுகொலைக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்குமாக 80 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. துல்லியமான சாட்சியத்துக்கும் அங்கே அவ்வளவுதான் ஆயுள். 2018இல் அவர் இறுதித் தீர்ப்பின்றியே இறந்தார்.

2014-15 ஆண்டுகளின் தாய் சேய் நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குவாத்தமாலாப் பிள்ளைகளில் 46.5 வீதத்தினர் போசாக்கின்மையால் வளர்ச்சி குன்றியவர்கள். மாயாப் பிள்ளைகளிடையே நிலைமை இன்னும் மோசம். தோட்டத்தில் பசியால் தம்பி செத்ததாக நூல் சொல்லும் அத்தியாயத்தை, ஒரு சகோதரர் உயிரோடிருக்கிறார் என்ற பத்திரிகைச் செய்தியோடு சேர்த்து, இம்முறை மெதுவாக வாசித்தேன். புத்தகம் இப்போது கீழ்த்தட்டில், ஸ்டோலின் நூலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த சந்திப்பில் என் பழைய பேச்சைத் திருத்திக்கொள்ள ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.