சுடுதண்ணீர்
‘தண்’ என்றால் குளிர்ச்சி. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான். அதன் தலையில் ‘சுடு’வை ஏற்றி, கூச்சமே இல்லாமல் சுடுதண்ணீர் என்கிறோம். வெந்நீர் என்று பொருத்தமான சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மார்கழி விடியலில், அண்டாவில் ஆவி பறக்க, ‘சுடுதண்ணி ரெடி’ என்று குரல் வந்தால்தான் குளிக்கவே மனம் வருகிறது. ‘சுடு’வில் நாக்கு மேலண்ணத்தைச் சுருக்கென்று தொட்டு விலகும், ‘தண்ணி’யில் அங்கேயே கொஞ்சம் நின்று நிதானமாக இறங்கும்.

எள்ளின் நெய்யாகப் பிறந்த எண்ணெயும் இப்படித்தான் தேங்காய், வேம்பு எல்லாம் கடந்து மண்ணெண்ணெய்வரை போய்விட்டது. கொல்லும் பாம்புக்கு நல்ல பாம்பு என்று பேர். (பயந்தவர்தான் வைத்திருப்பார்.) எனக்குப் பிடித்தது, கிளம்பும்போது சொல்கிற ‘வரேன்’. செருப்பை மாட்டிக்கொண்டே ‘போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள்.