வரைபடத்துக்குள் இருந்தும் எட்டாத கடன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கோகொனினோ கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஏறக்குறைய 48,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,45,101 பேர்தான் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற ஒரே நகரத்தில் குடியிருந்தார்கள். அந்த நகரத்தின் பொருட்டு, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கும் நவஹோ பழங்குடி மக்களின் மேய்ச்சல் நிலமும் உட்பட முழுக் கவுண்டியுமே அரசுப் புள்ளிவிவரத்தில் 'பெருநகரப் பகுதி' ஆகிவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் ஊரக வீட்டுக்கடன் திட்டம் இந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. திட்டத்தின் முதல் சிறப்பாக நான் கருதுவது இதைத்தான்.

1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து வளர்ந்த இத்திட்டம், கவுண்டியின் பெயரைக் கேட்பதில்லை. வாங்கப்போகும் வீட்டின் முகவரியைக் கேட்கிறது. துறையின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டால் தகுதியான இடமா என்று தெரிந்துவிடும். பெருநகரப் பகுதிக்குள் அடங்கும் ஊர் என்றால் மக்கள்தொகை பொதுவாக 10,000ஐத் தாண்டக் கூடாது, ஊரகத் தன்மையும் இருக்க வேண்டும். பெருநகரப் பகுதிக்கு வெளியே, கடன் வசதி குறைவான ஊர்களுக்கு வரம்பு 20,000. முன்பே தகுதி பெற்றிருந்த சில ஊர்களுக்கு 35,000 வரை விலக்கு உண்டு. ஆக, கவுண்டி எல்லை முழுதாக மறைந்துவிடவில்லை. கோகொனினோவின் வடகோடியில் இருக்கும் பேஜ் என்ற சிற்றூர், ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளியிருந்தும், அதே கவுண்டியில் இருப்பதாலேயே கடுமையான வரம்புக்குள் அகப்பட்டிருக்கிறது. இப்போது அங்கே 7,500 பேர் அளவில்தான் என்பதால் சிக்கல் இல்லை. ஊர் வளர்ந்தால்?

திட்டத்துக்கு இரண்டு கைகள். உத்தரவாதக் கடனில் வங்கி கடன் கொடுக்கிறது, அரசு 90 சதவீதம் வரை பொறுப்பேற்கிறது. முன்பணம் தேவையில்லை. தொடக்கக் கட்டணம் 1 சதவீதம், அதன்பின் ஆண்டுக்கு 0.35 சதவீதம். இன்னொரு அரசுக் காப்பீட்டுத் திட்டமான எஃப்.எச்.ஏ. கடனுக்குக் குறைந்தது 3.5 சதவீதம் முன்பணமும் 1.75 சதவீதத் தொடக்கக் கட்டணமும் வேண்டும். மாதத் தவணை கட்டக்கூடிய, ஆனால் கையில் சேமிப்பு இல்லாத ஓர் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ இந்த வேறுபாடு மிகப் பெரியது. வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டே முன்பணம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை இத்திட்டம் உணர்ந்திருக்கிறது. ஆனால் வீட்டின் முழு மதிப்புக்கும் கடன் வாங்கியவருக்கு, விலை சற்றே இறங்கினாலும் விற்று வெளியேற வழியிருக்காது. அந்த எச்சரிக்கையைக் கடன் அதிகாரிகள் உரக்கச் சொல்ல வேண்டும்.

உத்தரவாதக் கடனின் வருமான விதிதான் எனக்கு மிகவும் நெருடுகிறது. 2025இல் பெரும்பாலான கவுண்டிகளில் வரம்பு, ஒருவர் முதல் நால்வர் வரையுள்ள குடும்பத்துக்கு 1,19,850 டாலர். தனியாக வாழ்பவருக்கும் இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கும் ஒரே அளவுகோல். பிள்ளைகளுக்கென்று சிறு கழிவுகள் உண்டு என்றாலும் இந்த அநீதி தீர்வதில்லை. இன்னொன்று: தகுதியைப் பார்க்கும்போது வீட்டிலுள்ள வயதுவந்தோர் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டுகிறார்கள். திருப்பிச் செலுத்தும் திறனைப் பார்க்கும்போதோ, கையெழுத்திடுபவரின் வருமானத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். கூட இருக்கும் பாட்டியின் ஓய்வூதியம் தகுதியைக் குறைக்கும். ஆனால் தவணை கட்ட உதவும் பணமாக மதிக்கப்படாது. மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பங்களுக்கு இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

மற்றொரு கை நேரடிக் கடன். பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு அரசே கடன் தருகிறது. தவணைச் சலுகையால் வட்டி 1 சதவீதம் வரை இறங்கலாம். காலம் 33 ஆண்டுகள், மிக வறியவர்களுக்கு 38 வரை. ஏழைகளுக்கு உண்மையில் உதவுவது இதுதான். ஆனால் 2024 நிதியாண்டில் உத்தரவாதக் கடனுக்கு 2,500 கோடி டாலர் வரை அனுமதித்த அமெரிக்க நாடாளுமன்றம், நேரடிக் கடனுக்கு அனுமதித்தது 88 கோடி டாலர். காரணம் எளிது. உத்தரவாதக் கடனின் செலவைக் கட்டணங்களே ஈடுகட்டிவிடும். வட்டிச் சலுகைக்குக் கருவூலம் கையிலிருந்து போட வேண்டும். அரசுக்குச் செலவில்லாத வழி அகலமாகவும், வறியவருக்குப் பயன்படும் வழி குறுகலாகவும் ஆகிவிட்டன. திட்டத்தின் அடிப்படைக் குறை என்று நான் சொல்வது இதையே.

கோகொனினோவில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. கவுண்டி நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் பழங்குடி ஒதுக்கீட்டு நிலம். அதில் பெரும்பகுதி கூட்டாட்சி அரசின் அறக்காப்பில் இருக்கிறது. குடும்பம் அதைக் குத்தகையாக வைத்துக்கொள்ளலாம், விற்கவோ விருப்பம்போல் அடகு வைக்கவோ முடியாது. குத்தகை உரிமையை அடகு வைப்பதற்கும், அமெரிக்கப் பழங்குடியினர் விவகாரங்களைக் கவனிக்கும் இந்திய விவகாரப் பணியகத்தின் ஒப்புதலும் உரிமைச் சான்றும் பொதுவாக வேண்டும். அந்தச் சான்றுக்குக் காத்திருக்கப் பல வங்கிகளுக்குப் பொறுமை இருப்பதில்லை. நவஹோ நாட்டின் டியூபா சிட்டியில் மக்கள்தொகை 10,000க்கும் குறைவு, வறுமையும் உண்டு. விதிகள் கேட்கும் ஊரகத் தன்மைக்கு அங்கே குறைவில்லை. வீட்டுக்கடன் தர முன்வரும் வங்கிகள்தான் அரிது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2018இல் தெற்கு டகோட்டாவில் பழங்குடியினரே நடத்தும் இரண்டு நிதி நிறுவனங்களுக்கு வேளாண் துறை நேரடிக் கடன் நிதியைக் கொடுத்து, அவர்கள் வழியாகக் கடன் வழங்கச் செய்தது. எந்த மேசையில் கோப்பு தேங்கியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள். குடும்பத்தின் கடன் வரலாற்றைச் சீராக்க உடனிருந்து உதவுபவர்களும் அவர்களே. நிதி தேங்காமல் வீடுகளாக மாறியது. இந்த ஏற்பாட்டைச் சோதனை முயற்சி என்ற நிலையிலேயே நிறுத்திவைக்காமல், அரிசோனாவின் அறக்காப்பு நிலங்களுக்கும் நிலையாகக் கொண்டுவர வேண்டும். நேரடிக் கடன் ஒதுக்கீடு உயராமல் இதைச் செய்தால், இருக்கும் நிதியைப் பங்குபோட இன்னும் பல கைகள் சேரும், அவ்வளவுதான்.