ஓரத்துச் சிறு பெட்டி

வரைபில் எல்லோரும் கோடுகளைப் பார்ப்பார்கள். என் கண் போவது ஓரத்துக் குறிவிளக்கப் பெட்டிக்கு. ஆர் நிரல்மொழியின் வரைபுத் தொகுப்பான ஜிஜிபிளாட் அதை வலப்பக்கம் வைத்து, பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிடும். கொழும்பு மழையைப் பருவவாரியாக வரைந்தால் ‘இரண்டாம் இடைப்பருவம்’ முதலில் ஏறிக்கொள்ளும்; ஒக்டோபர் மழைக்குப் பிறகுதான் மார்ச் மழை! வெள்ளவத்தை மாடி வீடொன்றில், கரையோர ரயில் தடதடத்துப் போக, என் சிநேகிதி இதைச் சீராக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பெயர்களின் வரிசையைத் தீர்மானிக்கும் காரணிமட்டங்களை மாத வரிசைக்கு மாற்றுவாள். பெட்டியை வரைபின் அடியில் கிடையாகப் படுக்கவைப்பாள். தலைப்பு தேவையில்லையென்றால் தூக்கிவிடுவாள். பிறகு நிறம்: தென்மேல் பருவத்துக்குக் கரும்பச்சை, வடகீழுக்குச் சாம்பல் நீலம்.

எனக்குப் பிடித்தது கடைசி வேலை. ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அவற்றை ஊடுதெரியும்படி மங்கலாக்குவாள். அந்த மங்கல் பெட்டிக்குள்ளும் புகுந்து, நிறங்கள் கழுவிய சேலைச் சாயம்போல வெளிறிப்போகும். ‘கைட்ஸ்’ என்று தொடங்கும் ஒரேயொரு வரி போதும்; அதில் ஆல்பா ஒன்று, அதாவது முழுத் திடம். பெட்டியில் மட்டும் புள்ளிகள் திடமாகத் திரண்டு வரும், வரைபில் மங்கல் அப்படியே இருக்கும். இரண்டே கோடுகளென்றால் பெட்டியே வேண்டாம், நுனியில் பெயரை எழுதிவிடலாம் என்பாள். அதிலும் நான் அவள் கட்சிதான்.