யார் வீட்டு ஆழாக்கு?

சமையல் நூல்களை விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்வது கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கவிதையும் நாவலும் காத்திருக்கையில் குழம்புக்கும் கூட்டுக்கும் விமரிசனம் எதற்கு என்பது அவர்தம் கேள்வி. நாவலாசிரியர் ஒருவர் வாழ்க்கையைப் பொய்யாகச் சித்திரித்தால் வாசகன் நூலை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். சமையல் நூலாசிரியர் பிழையாக எழுதினால் அரிசியும் பருப்பும் விறகும் வீணாகின்றன. வசதி படைத்த வீட்டில் அவ்விழப்பு ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். நாட்கூலியில் உலை வைக்கும் வீட்டில் அதுவே இரவுச் சாப்பாடு. ஆகவே இந்நூல்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி நாக்கின் சுவையோடு நின்றுவிடுவதன்று.

ஊவாத் தோட்டங்களிலே சமையற்கலைஞர்களின் புகழ் இன்று முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பரவியுள்ளது. லயக் கூரைகளின்மேல் நிற்கும் வட்டத் தட்டுகள் சென்னைத் தொலைக்காட்சியை நேரே கொண்டுவந்து இறக்குகின்றன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் விஜய் தொலைக்காட்சியில் 'குக் வித் கோமாளி' தொடங்கிய பின்னர், தாமு, வெங்கடேஷ் பட் ஆகியோரின் பெயர்களைப் பசறையிலும் லுணுகலையிலும் உள்ள பிள்ளைகள் திரைப்பட நடிகரின் பெயர்களைப் போலச் சொல்லிப் பழகிவிட்டனர். தாமு 2010இல் இடைவிடாது சமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர். இவர்களின் தேர்ச்சியை நாம் ஐயுறவில்லை. ஆனால் தேர்ச்சி வேறு, நம்பகம் வேறு. பத்துப் பேர் நறுக்கியும் அரைத்தும் ஆயத்தம் செய்து கொடுக்கும் நட்சத்திர ஹோட்டலின் சமையலறையில் பழகிய கை, ஒற்றை அடுப்பின்முன் தனித்து நிற்கும் பெண்ணுக்கு வழி சொல்லும்போது இடறுவது இயல்பே. அந்த இடறலைப் புகழ் மறைத்துவிடுகிறது. பண்டம் சரிவராதபோது வாசகி தன் கைப்பக்குவத்தையே நொந்துகொள்கிறாள். நூல் பிழையாக இருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு எழுவதில்லை. பாடநூலில் அச்சாகியது எல்லாம் மெய்யென்று நம்பும் மாணவனின் நிலையும் இதுவே. ஆசிரியர்களாகிய நாம் இரண்டையும் ஒருங்கே கவனிக்க வேண்டியவர்கள்.

தமிழிலே நம்பகமான சமையல் நூலுக்கு உதாரணம் கேட்டால் பலரும் சுட்டுவது எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்பதையே. அவ்வம்மையார் 1962இல் மறைந்துவிட்டார், நூல் மறையவில்லை. உறவினர் பெண்கள் செய்முறை கேட்டு எழுதிய கடிதங்களுக்கு விடை எழுதி எழுதியே அவர் நூலாசிரியரானார் என்பர். அதனால்தான் போலும், எதிரே ஒரு பெண் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைவு அவ்வெழுத்தில் மாறாமல் இருக்கிறது. தலைப்பே ஓர் ஆய்வுகூடக் கட்டளை: என்னை நம்பு என்று சொல்லாமல், செய்து பார் என்கிறது. இந்த ஒரு பண்புக்காகவே அந்நூலை நாம் பின்வந்த வண்ணப்பட நூல்கள் பலவற்றுக்கும் மேலாக மதிக்கிறோம்.

எனினும் அதன் ஆழாக்கு யார் வீட்டு ஆழாக்கு? படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு. அந்தப் படியோ தமிழ்நாட்டிலேயே ஜில்லாவுக்கு ஜில்லா வேறுபட்டிருந்தது. இந்தியா மெட்ரிக் அளவைகளுக்கு மாறுவதற்கு முன் எழுதப்பட்ட நூல் அது. பதுளைக் கடைத்தெருவில் ஆழாக்கு என்றால் விளங்கிக்கொள்பவர் இல்லை. எம் நாட்டவர் கைக்குப் பழகியது சுண்டு. அதாவது, பால் டின். நான்கு சுண்டு ஒரு கொத்து. அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தால் அளக்கப்படும்வரை இதனால் கெடுதி இல்லை. விகிதம் விகிதமாகவே நிற்கும். மிளகாய் எண்ணிக்கையிலும், புளி எலுமிச்சங்காய் அளவிலும், பெருங்காயம் துண்டுக் கணக்கிலும் வரும் இடத்திலேதான் வழுக்குகிறது. அளவுப் பாத்திரம் மாறினால் மிளகாயின் எண்ணிக்கையும் மாற வேண்டும். அதைச் சொல்லித்தர நூலில் ஆள் இல்லை. இது மீனாட்சி அம்மாளின் குற்றமன்று. அவர் தம் சுற்றத்துச் சைவச் சமையலறைக்கு எழுதினார். அச்சகமும் புத்தக வியாபாரமும் அதனைக் கடல் கடத்தின.

அளவைவிடப் பெருந்தொல்லை தருவன சொற்கள். தமிழகத்து நூல் 'கோதுமை மாவு' என்று எழுதும்போது தவிட்டோடு சேர்த்து முழுக் கோதுமையை அரைத்த மாவைக் கருதுகிறது. எம் கடைகளில் 'கோதுமை மா' என்று கேட்டால் நிறுத்துத் தருவது வெள்ளை மா; சென்னையில் அதன் பெயர் மைதா. அவர்கள் கோதுமை மாவு என்பதை இங்கே ஆட்டா மா என்று தனியே கேட்டு வாங்க வேண்டும், அதுவும் கூடிய விலைக்கு. தொலைக்காட்சியில் சப்பாத்தி செய்யக் கற்ற சிறுமி வீட்டில் இருக்கும் கோதுமை மாவைக் குழைத்துத் தோல் போன்ற ஒன்றைச் சுட்டு எடுக்கிறாள். 'பருப்பு' என்ற சொல்லின் கதையும் இதுதான். சென்னைச் சாம்பாரில் வேறு அடைமொழி இல்லாத பருப்பு துவரம் பருப்பு. ஊவா வீட்டில் அடைமொழி இல்லாத பருப்பு மைசூர்ப் பருப்பு. முன்னது நின்று வேகும். பின்னது சற்று நேரத்தில் கரைந்துவிடும். ஒரே மொழி பேசுகிறோம் என்ற நம்பிக்கையே இங்கு வாசகியை ஏமாற்றுகிறது. சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்க்கப்பட்ட நூலாயின் மொழிபெயர்ப்பாளர் ஓர் அடிக்குறிப்பாவது எழுதியிருப்பார்.

வெள்ளை மா எமது அடுப்புக்கு வந்த வழியையும் எந்தச் சமையல் நூலும் சொல்வதில்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்திலிருந்தே தொழிலாளரின் உணவு அரிசி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோட்டத்தில் வழங்கும் அரிசியின் விலையையும் சேர்த்தே வரையறுத்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது கோதுமை மா பங்கீட்டில் நுழைந்தது. போர் முடிந்தது, மா திரும்பிப் போகவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் வெள்ளை மா தடையின்றிக் கிடைத்தது. தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துக் குழைத்துத் தடிப்பாகத் தட்டிச் சுடும் தோட்டத்து ரொட்டி இவ்வாறு பிறந்ததேயன்றி, பாட்டிமாரின் கற்பனையில் உதித்ததன்று. காலையில் தின்னலாம், மத்தியானத்துக்கு மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், ஒரு சம்பல் போதும், கறி தேவையில்லை. வேலை நேரத்துக்கும் கூலிக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய உணவு வேறு இல்லை. இதை 'மலையகப் பாரம்பரியச் சுவை' என்று மெச்சும் கட்டுரைகளைக் காண்கையில் எமக்குச் சற்றே எரிச்சல் உண்டாவதை மறைப்பதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம் அளவினர்; தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம்.

இனி, அடுப்பைப் பற்றி. கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் அக்கொதிநிலை ஒரு பாகை குறையும். சென்னையும் கொழும்பும் கடலோர நகரங்கள். பதுளை 680 மீற்றர் அளவில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அப்புத்தளை 1,400ஐயும் கடந்தது. அப்புத்தளையில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த பானையின் நீர் அதற்குமேல் சூடேறாது. ஆகவே கடலையும் துவரம் பருப்பும் நூல் குறித்த நேரத்தில் வேகா. நாம் அறிந்தவரை எந்தப் புகழ்பெற்ற தமிழ்ச் சமையற்கலைஞரும் தாம் சமைக்கும் இடத்தின் உயரத்தைக் குறிப்பிடுவதில்லை. தமிழில் சமைப்போர் எல்லாரும் சமவெளியிலே வாழ்வதாக ஒரு மௌனமான அனுமானம். மைசூர்ப் பருப்பு எம் மலைகளில் நிலைபெற்றதற்கு விலையோடு இந்த வேகமும் ஒரு காரணமாகலாம்.

குக்கர் இருக்கிறதே என்பார் உண்டு. உண்மைதான், மூடிய கலத்தில் அழுத்தம் உயர்வதால் உயரத்தின் தீங்கு பெரிதும் தணியும். ஆனால் 'மூன்று விசில்' என்பதும் ஓர் அளவா? தீயின் கடுமைக்கும் குக்கரின் கொள்ளளவுக்கும் ஏற்ப முதல் விசில் எப்போது வரும் என்பது மாறும். மேலும் அச்சொல் வாயு அடுப்பை எண்ணிச் சொல்லப்பட்டது. 2022இன் நெருக்கடியில் 12.5 கிலோ வாயு உருளையின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அவ்வேளை தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மிஞ்சியது கவ்வாத்து மிலாறு. மிலாற்று அடுப்பில் 'மிதமான தீயில் பத்து நிமிடம்' என்பது எழுதியவருக்கு எளிது; ஊதுகுழலோடு குந்தியிருப்பவளுக்கு அவ்வளவு எளிதன்று.

இலக்கண ஆசிரியர்கள் சமையல் நூல்களின் வினைமுற்றுக்களை ஒருமுறை ஆராய்ந்து பார்க்கலாம். அரைத்துக்கொள்ளவும், நறுக்கி வைக்கவும், ஊறப்போடவும், இறக்கவும். எழுவாய் எங்கும் இல்லை. அரைப்பது யார்? எந்நேரத்தில்? 'மசாலாவை மைய அரைத்துக்கொள்ளவும்' என்ற மூன்று சொற்களுக்குள் அம்மிக்கல்லோடு கழியும் அரைமணி நேரம் அடங்கிக் கிடக்கிறது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்ணிடம் அந்த அரைமணி இல்லை. நூலின் தலைப்பில் 'இருபது நிமிடச் சமையல்' என்று இருக்கும். அந்த இருபது நிமிடம் எல்லாம் அரைத்தும் நறுக்கியும் ஆன பின்னர் தொடங்குகிறது. உழைப்பைக் கணக்கில் சேர்க்காத பொருளாதாரம் எத்தகையதோ, அத்தகையதே இந்த நேரக் கணக்கும்.

கொழும்பின் ஆங்கில நூல்களுக்கு வருவோம். ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் முதன்முதல் 1929இல் வெளியாயிற்று. ஆங்கிலம் கற்ற நடுத்தர வர்க்கத்தின் சமையலறைக்கு அது நெடுங்காலம் வேதம். இத்தகைய நூல்கள் பங்களாக்களில் பயன்பட்ட விதம் வேடிக்கையானது: நூலைப் படிப்பவர் துரைசாணி, சமைப்பவர் அதைப் படிக்க இயலாத குசினி ஆள். நூலில் விட்டுப்போனதை எல்லாம் அந்த ஆளின் கை நிரப்பிற்று. நூலின் நம்பகம் என்று போற்றப்பட்டதில் எவ்வளவு பங்கு பெயரற்ற அந்தக் கைக்கு உரியது என்பதை இனிக் கணக்கிட வழியில்லை.

இவற்றினிடையே நாம் விரும்பும் பெயர்கள் இரண்டு. ஒருவர் கொழும்பிற் பிறந்து, பத்திரிகையாளராகப் பணிபுரிந்து, 1959இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெயின் சொலமன். 1976இல் வெளிவந்த அவருடைய ஆசியச் சமையல் பெருநூலில் தேங்காய்ச் சம்பல் உலர்ந்த தேங்காய்த் துருவலைச் சூடான பாலில் நனைத்துச் செய்யப்படுகிறது. இதைக் கேட்டு எம்மவர் சிரிப்பர். எமக்கோ இதுவே நேர்மையாகப் படுகிறது: ஆஸ்திரேலியக் கடையில் என்ன கிடைக்குமோ அதைக்கொண்டு, அவ்வூர்ப் பெண்ணுக்கு எழுதினார், சொந்த ஊரின் தென்னையைக் காட்டி மயக்கவில்லை. மற்றவர் பப்ளிஸ் சில்வா. கல்கிசை மவுண்ட் லவினியா ஹோட்டலில் அடிமட்ட வேலையில் சேர்ந்து, அச்சமையலறையின் தலைவராக உயர்ந்து, சிங்களச் சமையல் மரபைப் பெருநூலாக எழுதிவைத்தவர். தன் கையால் விறகும் பாத்திரமும் சுமந்தவர் நூலாசிரியர் ஆனதில் எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆயினும் அவரும் எம் லயத்துக்கு எழுதவில்லை. அவரை அதற்காகக் குறைகூறவும் இயலாது. எல்ல நகரில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சமையல் வகுப்புகள் நடக்கின்றன. அவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் அடுப்பைப் பற்றிய ஏடு ஒன்றைத் தமிழில் நாம் இதுவரை கண்டதில்லை. அக்குறை எம்முடைய மொழிப் பட்டதாரிகளைச் சாரும்.

மனைப்பொருளியல் கற்கும் எமது மாணவியரைக்கொண்டு சிறு முயற்சி ஒன்றை இவ்வாண்டு தொடங்கியுள்ளோம். ஒவ்வொருத்தியும் புகழ்பெற்ற நூலிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ ஒரு செய்முறையை எடுத்து, தன் வீட்டு அடுப்பில் செய்து, அதன் ஓரத்தில் உண்மை விவரத்தை எழுத வேண்டும்: ஊர், உயரம், எந்த மா, எந்தப் பருப்பு, எந்த விறகு, யார் அரைத்தது, என்ன செலவு. விஞ்ஞான கூடத்துத் தராசில் ஒரு சுண்டு அரிசியையும் ஒரு சுண்டு மாவையும் நிறுத்துக் குறித்துக்கொண்டனர். 'நால்வருக்குப் போதுமானது' என்றிருந்த இடத்தில் ஒரு மாணவி 'எங்கள் வீட்டில் ஏழு பேர்' என்று எழுதி எல்லா அளவுகளையும் மாற்றியிருந்தாள். எண்ணெயை மட்டும் கூட்டவில்லை, காரணமும் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை. இன்னும் தீராத சிக்கல் தீயின் அளவுதான். மிதமான தீ என்பதற்குப் பதிலாக எத்தனை மிலாறு என்று எண்ணி எழுதச் சொன்னோம். உலர்ந்த மிலாற்றுக்கு அது ஓரளவு பொருந்திற்று. வடகீழ்ப் பருவமழை தொடங்கி விறகு ஈரமான பின்னர் அந்த எண்ணிக்கை என்னவாகும் என்பதை வெலிமடைப் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் இப்பொழுது குறித்து வருகின்றனர்.