பத்தாவது ரீபவுண்ட்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது சினிமா இல்லை, நாவல் இல்லை. ஒரு தாள். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம் ஒவ்வொன்றும் முடிந்த கையோடு வெளியாகுமே, பாக்ஸ் ஸ்கோர் என்று, அந்தத் தாள். யார் எத்தனை நிமிஷம் ஆடினார், எத்தனை தடவை எறிந்தார், எத்தனை கூடையில் விழுந்தது, தவறிய பந்தை எத்தனை முறை பிடித்தார் (அதுதான் ரீபவுண்ட்), டீமுக்கு மொத்தம் எவ்வளவு... எல்லாம் கட்டம் கட்டமாக.

'எவனோ எங்கேயோ பந்து விளையாடின கணக்கு நமக்கு எதுக்கு சார்?' என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். லைன் ஓரமாக ஒரு போர்டு இருக்கும். மணிக்கு டார்கெட் இவ்வளவு, முடிந்தது இவ்வளவு, ரிஜெக்ட் இவ்வளவு. அந்தத் தாளும் இந்தப் போர்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். பி.காம். படித்தவன் கண்ணுக்கு பாக்ஸ் ஸ்கோர் ஓர் அழகான கணக்குப் புத்தகம். ஒருவர் பந்தைத் தட்டிப் பறித்தால் அவர் கணக்கில் ஒரு 'ஸ்டீல்'; பறிகொடுத்தவர் கணக்கில் ஒரு 'டர்ன் ஓவர்'. சுத்தமான டெபிட், கிரெடிட்!

நம் நாட்டில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 அக்டோபர் 4, மும்பை. இண்டியானா பேஸர்ஸ் 132, சாக்ரமென்டோ கிங்ஸ் 131. ஓவர் டைமில் ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசம். 'ப்ளஸ்-மைனஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு வீரர் களத்தில் நின்ற நேரத்தில் அவருடைய டீம் எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று சொல்லும். எந்த நேரமும் களத்தில் ஐந்து பேர். ஆகவே பேஸர்ஸ் ஆட்கள் அத்தனை பேருடைய ப்ளஸ்-மைனஸையும் கூட்டினால் +5 வந்தே தீரும். கிங்ஸுக்கு -5. இரண்டையும் கூட்டினால் பூஜ்ஜியம். டிரையல் பேலன்ஸ் இப்படி டேலி ஆனால் ஆடிட்டர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

ஆனால், டேலி ஆகிற கணக்கெல்லாம் முழுக் கணக்கா?

அன்றைக்கு பேஸர்ஸின் டி.ஜே. வாரன் 30 பாயிண்ட் எடுத்தார். அது சீசனுக்கு முந்தைய ஆட்டம் என்பதால், அந்த முப்பதில் ஒன்றுகூட அவருடைய சீசன் கணக்கில் ஏறவில்லை. அரங்கத்தை நிறைத்தது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலையில் பந்தைத் தேடி ஓடினார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது.

சரி, இது சில்லறை. பெரிய நோட்டுக்கு வருவோம்.

1962 மார்ச் 2. வில்ட் சேம்பர்லின் என்ற ஆஜானுபாகுவான மனிதர் ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் எடுத்தார். இன்றுவரை யாரும் தொடாத சாதனை. கூடையில் போட்டது 36, அதற்கு 72. ஃப்ரீ த்ரோ 28. கூட்டிப் பாருங்கள், நூறு. அந்த ஆட்டத்துக்கு வீடியோ கிடையாது. எனவே தாள்தான் முக்கிய சாட்சி. கடைசி நிமிஷங்களில் பந்து வில்ட் கைக்குப் போகக் கூடாதென்று எதிரணி மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்ததும், பந்து சீக்கிரம் திரும்பி வரட்டும் என்று வில்ட்டின் டீமும் பதிலுக்கு ஃபவுல் செய்ததுமாக ஆட்டம் கூத்தாகிப்போனது. தாளில் அவையெல்லாம் வெறும் ஃபவுல். கூத்து ஏறவில்லை.

அதே காலத்தில் பாஸ்டன் டீமில் பில் ரஸ்ஸல் என்றொருவர். அவர் பிழைப்பே எதிராளி எறிகிற பந்தை அந்தரத்தில் மறிப்பது. ஆடிய 13 சீசன்களில் 11 முறை கோப்பை. எத்தனை பந்தை மறித்தார்? அதிகாரபூர்வமான பதில் கிடையாது. 'பிளாக்', 'ஸ்டீல்' இரண்டையும் என்.பி.ஏ. எண்ண ஆரம்பித்தது 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். கோப்பை வாங்கித் தந்த வித்தைக்குக் கணக்கில் வரியே இல்லை!

எண்ணாமல் விட்டால் இந்தக் கதி. எண்ணுவதையே கும்பிட ஆரம்பித்தால்?

2003 மார்ச் 16. கிளீவ்லாண்ட் டீமின் ரிக்கி டேவிஸ் அன்றைக்கு 26 பாயிண்ட், 12 அசிஸ்ட், 9 ரீபவுண்ட் வைத்திருந்தார். மூன்றும் இரட்டை இலக்கம் ஆனால் 'ட்ரிபிள் டபுள்' என்ற பெருமை. ஒரே ஒரு ரீபவுண்ட் குறைகிறது, ஆட்டம் முடிய சில நொடிகள்தான் பாக்கி. மனிதர் என்ன செய்தார்? தன் டீம் காக்க வேண்டிய கூடையிலேயே பந்தை எறிந்து, தானே பிடித்துக்கொண்டார். ரூல்படி அது செல்லாது. எதிரணிக்காரர் எரிச்சலில் அவரை இடித்துத் தள்ள, சொந்த டீமே 25,000 டாலர் அபராதம் போட்டது. டீம் எப்படியும் ஜெயித்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடியில் டேவிஸ் டீமுக்காக ஆடவில்லை, தாளுக்காக ஆடினார்.

இப்போது ஒரகடத்துக்கு வாருங்கள். ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம். டார்கெட்டுக்கு இரண்டு பீஸ் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக முறுக்காத ஸ்க்ரூவோடு இரண்டு பீஸ் 'ஓகே' ஆகித் தாண்டிப் போகிறதே, அது பத்தாவது ரீபவுண்ட். அதே லைனில் இன்னொரு பெண். பக்கத்தில் நிற்பது வேலைக்குச் சேர்ந்து நாலு நாளான புதுப் பெண், கை தடுமாறுகிறது. "இப்டி பிடிடி, ஈஸியா வரும்" என்று இவள் காட்டிக்கொடுக்கிறாள். இவளுடைய கணக்கில் மூன்று பீஸ் குறைகிறது. லைன் மொத்தத்தில் முப்பது பீஸ் தப்பிக்கிறது. கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிற நாளில் சூப்பர்வைசர் கையில் இருப்பது மூன்று குறைந்த தாள்தான். கூடைப்பந்தில் தாள் தப்பாகப் போனால் ஒரு பெருமை போகும். இங்கே வீட்டுக்கு மாசாமாசம் போகிற பணம் போகும்.

ஒரு லைன் மட்டுமல்ல, தொழிற்சாலையே அப்படிப் போனதையும் ஸ்ரீபெரும்புதூர் பார்த்திருக்கிறது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, கோடிக்கணக்கில் செல்போன் செய்து தள்ளியது. வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால், 2014-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பட்டியலில் இந்த ஆலை சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. லைனில் நின்றவர்கள் டார்கெட்டைத் தொட்டார்களா இல்லையா என்பதை யாரும் கேட்கவே இல்லை.

'அப்ப போர்டைக் கழட்டி எறிஞ்சிடலாமா?' கொஞ்சம் பொறுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஏடே இல்லாவிட்டால் கொல்லையில் காய்த்த சுரைக்காய் யாருடையது என்று சண்டை வரும். கூடைப்பந்தில் தமிழ்நாடு பெயர் எடுத்த மாநிலம். ஆனால் வழக்கமான ஸ்கோர் ஷீட்டில் இருப்பது என்ன? யார் எத்தனை பாயிண்ட், யார் எத்தனை ஃபவுல். ரீபவுண்டுக்கு இடமில்லை, அசிஸ்ட்டுக்கு இடமில்லை. ஆட்டம் பூராவும் எதிராளியின் நட்சத்திரத்தை மறித்து நிறுத்திய பையன், தாளில் நாலு ஃபவுல் வாங்கிய முரடன். வங்கியிலோ ரயில்வேயிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்காதா என்று ஏங்குகிற பையன் அவன். பார்த்தவர் யாராவது எடுத்துச் சொன்னால் உண்டு. கணக்கு இல்லாத இடத்தில் சிபாரிசு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

எனவே, கணக்கு வேண்டும். இன்னும் நல்ல கணக்கு. ஹூஸ்டன் டீமில் ஷேன் பேட்டியர் என்பவர் 2009 வாக்கில் சராசரியாகப் பத்துப் பாயிண்ட்கூட எடுத்ததில்லை. மைக்கேல் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் அந்த வருஷம் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பேட்டியர் களத்தில் இருந்தால் கூட ஆடுகிறவர்கள் நன்றாக ஆடுகிறார்கள், எதிராளிகள் சொதப்புகிறார்கள். அதை ஹூஸ்டன் நிர்வாகம் கண்டுபிடித்ததும் எண்களை வைத்துத்தான். ப்ளஸ்-மைனஸ், அதற்கு மேலும் சில கட்டங்கள். எண் மறைத்த ஆளை எண்ணே காட்டிக்கொடுத்தது.

பாக்ஸ் ஸ்கோர் பற்றி என் தீர்ப்பு இதுதான்: நல்ல கணக்குப்பிள்ளை, மோசமான நீதிபதி. கணக்கு எழுதச் சொல்லலாம், தீர்ப்பு எழுதச் சொல்லக் கூடாது. ஒரகடத்து மேனேஜர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போர்டு மாற்றும்போது ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதில் எதை எண்ணலாம் என்று லைனில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். யார் யாருக்குக் கைகொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.